தீர்த்தம் பட்ட கிராபிக்ஸ் கார்டு

நான் ஆசைப்பட்டு வாங்கிய பொருள்கள் எல்லாமே கடைசியில் என் மனைவியின் தையல் தொழிலுக்குத்தான் பயன்பட்டன. மீன்தொட்டி வாங்கினேன். மீன்கள் ஒரு வாரம் இருந்தன. பிறகு அதில் லைனிங் துணி குடியேறியது. நிறம் நிறமாக மடித்து அடுக்கி வைத்ததில், மீன்கள் இருந்த காலத்தைவிடத் தொட்டி அழகாகவே இருந்தது. தொப்பையைக் குறைக்க உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினேன். அதன் கைப்பிடியில் அளவு ரவிக்கைகள் தொங்கின. தெருப் பெண்கள் வாசலில் நின்றபடியே, "அந்த சைக்கிள்ல தொங்குதே, பச்சை, அதான் என்னுது" என்று அடையாளம் சொல்லி வாங்கிப் போவார்கள்.

அதனால், கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்று முப்பத்தொன்பது வயதில் நான் அறிவித்தபோது அவள் சண்டை எதுவும் போடவில்லை. ஊசியில் நூல் கோத்தபடியே ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதுல எத்தினி ரவிக்க வைக்கலாம்?"

ஆசையை மூட்டிவிட்டவன் அவளுடைய தம்பி, என் மச்சான். சிதம்பரத்தில் வேலை, மேல வீதிக்குப் பின்னால் ஓர் அறை, அறையில் அவனே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். ஒருநாள் மத்தியானம் அதில் ஒரு கார் ரேஸ் போட்டுக் காட்டினான். திரையில் மழை பெய்தது. நனைந்த தார்ரோட்டில் முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு நீளமாகக் கலைந்து ஓடியது. எதிரே வந்த பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கித் தண்ணீரை வாரி அடித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நனையலையே மாமா?" என்றான் மச்சான், ரொம்பப் பணிவாக.

மறுநாள் அதே ஆட்டத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தேன். மழையைக் காணோம். ரோடு சாம்பல் நிற அட்டை மாதிரி இருந்தது. கார் ஒரு முறை திரும்பி முடிப்பதற்குள் சிதம்பரம் தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்திருக்கும். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"அதுக்குத் தனியா கிராபிக்ஸ் கார்டு வேணும் மாமா. அது இருந்தாத்தான் மழ பெய்யும்."

கடலூரில் வீடு; குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் பிரிவில் எனக்கு வேலை. ஒரு டஜன் போல்ட் வாங்க வேண்டுமென்றாலும் மூன்று கடையில் கொட்டேஷன் கேட்டு, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே மூச்சு விடப் பழகிய உடம்பு இது. கிராபிக்ஸ் கார்டையும் அப்படித்தான் அணுகினேன். பெரிய தாளில் கட்டம் போட்டேன். மெமரி எவ்வளவு, ஃபேன் எத்தனை, வாரண்டி எத்தனை வருஷம். வேறு எதை எழுதுவது என்று தெரியாததால் கடைசிக் கட்டத்தில் 'அட்டைப்பெட்டியின் மேலுள்ள படம்' என்று எழுதினேன். ஒரு கார்டின் பெட்டியில் வாளேந்திய வீரன், இன்னொன்றில் டிராகன், மூன்றாவதில் கண்ணாடி போட்ட தவளை. தவளைக்கு மதிப்பெண் குறைத்தேன்.

விசாரிக்க விசாரிக்கத்தான் தெரிந்தது, இந்தக் கார்டு உலகத்தில் இரண்டே பெரிய கட்சிகள். ஒன்றின் கொடி பச்சை, மற்றதன் கொடி சிவப்பு. மச்சான் பச்சை. கடலூரில் நான் விசாரித்த கடைக்காரர் சிவப்பு. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னால், உறவு முறிந்த பங்காளியைப் பற்றிப் பேசியதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். ஸ்டோர்ஸ்காரன் வேறென்ன செய்வான்.

கடைசியில் மெமரி எண் எதில் பெரியதோ அதைத் தேர்ந்தெடுத்து, அட்டவணையின் கீழே 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி மச்சானிடம் நீட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தான்.

"மாமா, இது நெல்லு மூட்ட ஏத்துற லாரி. எடம் ஜாஸ்தி, ஓட்டம் கெடையாது. கீழ மூணாவதா எழுதியிருக்கீங்களே, அதான் கார்டு."

"அதுல தவள போட்டிருக்குடா."

"ஆடப்போறது நீங்களா, தவளையா?"

அடுத்த பயம், கார்டு கேபினட்டுக்குள் பொருந்துமா என்பது. கார்டின் நீளம் ஒன்பது அங்குலத்துக்குப் பக்கம். உள்ளே ஹார்டு டிஸ்க் மாட்டும் கூடு இடித்தால் என்ன செய்வது? பொருந்தாத உதிரிப்பாகத்தை வாங்கிவிட்டு நிற்பதுதான் ஸ்டோர்ஸ்காரனுக்குக் கனவிலும் வரும் அவமானம். மனைவியின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய், ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோலக் கேபினட்டுகளின் உள்பக்கத்தை அளந்து வந்தேன். கணக்கைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"ரெண்டு இஞ்ச் உள்தையல் விட்டுக்கோங்க. அப்புறம் புடிக்குதுன்னு நிக்காதீங்க."

மொத்தத் திட்டத்திலும் எனக்குக் கிடைத்த ஆகச்சிறந்த தொழில்நுட்ப ஆலோசனை அதுதான். இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வாங்கிய கேபினட்டில் கார்டு போய் உட்கார்ந்தபோது, பின்னால் ஹார்டு டிஸ்க் ஒயர் நுழைய அந்த இரண்டு அங்குலம்தான் மீதமிருந்தது.

எல்லாவற்றையும் சிதம்பரம் தெற்கு வீதியில் மாடியிலிருந்த, மச்சானுக்குப் பழக்கமான ஒரு கடையில் வாங்கினேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கேபினட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ். போதாது, கரண்ட் கொடுக்கும் அந்தப் பெட்டியைத் தனியாகப் பெரியதாக வாங்க வேண்டும் என்றார். "இந்தக் கார்டுக்குப் பசி ஜாஸ்தி சார். சின்ன அடுப்புல ஆக்கிப் போட்டா கட்டுப்படியாவாது." பிராசசர், மதர்போர்டு, ராம் என்று ஒவ்வொன்றாக அவர் பூட்டப் பூட்ட, நான் பிரசவ வார்டு வாசலில் நிற்பவனைப்போலக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எல்லாம் முடிந்ததும் கேபினட்டின் நெற்றியில் சந்தனம் வைத்துச் சூடம் காட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார். திரையில் வெளிச்சம் வந்தது. எனக்கும் கொஞ்சம் விபூதி கொடுத்தார். நான் கிறிஸ்தவன் என்று சொல்ல அது நேரமில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மானிட்டரின் ஒயருக்கு நீல நிற முனை. கார்டில் இருந்ததோ வெள்ளைத் துளை. அதற்காக இரண்டுக்கும் நடுவே மாட்ட, தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கன்வெர்ட்டர் கொடுத்தார். இந்தச் சின்னப் பொருளைக் கவனித்து வையுங்கள். நான் வைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அறையில் ஜன்னலை ஒட்டிய மூலையில்தான் வெளிச்சமும் உண்டு, பிளக் பாயின்ட்டும் உண்டு. அது அவளுடைய தையல் மிஷினின் இடம். மிஷினை அவளே தள்ளி, இடம் விட்டாள். விட்டுவிட்டு நிபந்தனையைச் சொன்னாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம தம்பி வரான். அன்னிக்கி இது ஓடணும். ஓடலன்னா திங்கக்கெழம காலைல என் மிஷின் பழைய எடத்துக்கு வந்துடும். இந்தப் பொட்டி எனக்கு, நூல்கண்டு வைக்க ஒயரம் சரியா இருக்கு. அதுக்கப்புறம் எதையாவது வாங்கப் போறேன்னு நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"எத்தினி நாளைக்கி?"

"உசுரு இருக்கிற வரைக்கும்."

தைரியமாகத் தலையாட்டினேன். கடையில் ஓடியதை நான் கண்ணால் பார்த்தவன். வீட்டிலும் சுவிட்சைப் போட்டுக் காட்டினேன், ஓடியது. மவுஸில் கை வைக்கப் போனபோது அவள் தடுத்தாள். "மந்திரிக்காம தொடாதீங்க."

எங்கள் மாதாகோயில் பங்கில் வீடு கட்டினாலும் வண்டி வாங்கினாலும் சாமியாரைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகே தொடுவது வழக்கம். தோதாக, மறுநாள் பூசை முடிந்து பங்குச் சாமியார் எங்கள் தெருவில் ஒரு புது ஆட்டோவை மந்திரிக்க வருவதாக இருந்தது. அப்படியே எங்கள் வீட்டுக்கும் வரச் சொல்லிவிட்டாள்.

சாமியார் வரும் நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. மந்திரிப்பதை மூலையில் துணிமூட்டைகளுக்கு நடுவே வைத்து ஏன் செய்ய வேண்டும்? முன்னறையில், மாதா படம் வைத்த பீடத்துக்கு முன்னால் வைத்தால் என்ன? ஒயரைக் கழற்ற வேண்டியிருந்தது. மேஜையின் பின்பக்கத் துளை வழியே மானிட்டர் ஒயரை உருவும்போது கன்வெர்ட்டர் சிக்கியது. அதைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கேபினட்டைத் தூக்கி வந்து ஸ்டூலில் வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளே இருக்கும் கார்டை நாலு பேர் பார்க்க வேண்டாமா? பக்கவாட்டு மூடியையும் கழற்றி, திறந்த வயிற்றோடு நிறுத்தினேன்.

சாமியார் வந்தார். கையில் தீர்த்தச் செம்பு. ஆட்டோவுக்குத் தெளித்த கை. திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துத் தயங்கினார்.

"தண்ணி படலாமா இதுல?"

அந்த நேரத்தில் 'படக்கூடாது சாமி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பக்கத்தில் மனைவி, வாசலில் ஆட்டோக்காரர் குடும்பம். ஆட்டோவுக்குக் கிடைத்த ஆசீர்வாதம் என் கார்டுக்குக் குறைந்துவிடக் கூடாது என்ற ரோஷம் வேறு.

"தாராளமா தெளிங்க சாமி."

அவர் தாராளமாகத் தெளித்தார்.

எல்லோரும் போனதும் பனியனைக் கழற்றி ஒற்றி ஒற்றித் துடைத்தேன். மதியம் வரை ஃபேன் காற்றில் காட்டினேன். பிறகு மூலைக்குக் கொண்டுபோய் ஒயர்களை மாட்டினேன். மானிட்டர் ஒயரின் முனை நீலம். பெட்டியின் முதுகில் தேடினேன், மேலே நீலமாக ஒரு துளை இருந்தது. நீலத்துக்கு நீலம். ஸ்டோர்ஸில் இருபது வருஷம் நிறம் பார்த்துப் பொருள் கொடுத்த கை. மாட்டிச் சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

தீர்த்தம் பட்டுக் கார்டு போய்விட்டது. இதில் பெரிய கஷ்டம், வெளியே சொல்ல முடியாது என்பதுதான். வேறு தண்ணீரால் கெட்டது என்றால் திட்டு வாங்கிவிட்டுப் போகலாம். தீர்த்தம் பட்டுக் கெட்டது என்று சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "அப்ப அதுக்குள்ள ஏதோ இருந்திருக்கு" என்பாள். அதன் பிறகு அந்தப் பெட்டி நூல்கண்டு வைக்கக்கூட வீட்டில் தங்காது.

என்னைக் காப்பாற்றியது மின்வெட்டு. அப்போது தினமும் இரண்டு மணி நேரம், சில நாள் கேட்காமலே கூடுதலாக, கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஊரே மின்வாரியத்தைச் சபித்துக்கொண்டிருந்தபோது நான் ஒருவன்தான் மனதாரக் கைகூப்பினேன்.

"ஏன் ஆடல?"

"கரண்ட் வரட்டும்."

"வந்துடுச்சே."

"வோல்டேஜ் சரியா வரட்டும்."

திங்கட்கிழமை, ஆபீஸ் போகும் முன் கார்டை மட்டும் உருவி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். சாயங்காலம் மாட்டினால் அதே கறுப்பு. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, அவள் துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கார்டை வைத்து, குச்சியோடு உட்கார்ந்து காக்கா ஓட்டினேன். காக்காய்களுக்கு மீன்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் ஒன்று வந்து கார்டின் ஃபேனை இரண்டு முறை கொத்திப் பார்த்துவிட்டு, தவளைக் கம்பெனியைப் பற்றிய என் பழைய கருத்தோடு உடன்பட்டதுபோலப் பறந்து போனது. சாயங்காலம் மாட்டினேன். கறுப்பு.

வியாழக்கிழமை அரைநாள் லீவில் சிதம்பரம் பஸ் ஏறினேன். மடியில் தவளைப் பெட்டி, பெட்டிக்குள் கார்டு, கார்டிலிருந்து கருவாட்டு வாசனை. பக்கத்து ஸீட்காரர் மூக்கைச் சுளித்தார். நல்லவேளை, குடிகாடு தாண்டும்போது கெமிக்கல் வாசனை பஸ்ஸுக்குள் ஏறியது. அதற்குப் பிறகு எது எதன் வாசனை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆலப்பாக்கம் வரும்வரை ஒரு பொய்யை ஒத்திகை பார்த்தேன். புதுச்சத்திரத்தில் அதைத் திருத்தினேன். பி.முட்லூரில் அது எனக்கே நம்பும்படி இல்லை என்று தெரிந்து, புதிதாக ஒன்று தொடங்கினேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது கையில் ஒரு பொய்யும் இல்லை.

கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"தண்ணி கிண்ணி பட்டுச்சா சார்?"

"இல்லையே."

கார்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வரிசையாக ஏழெட்டு இடத்தில் வெள்ளையாகக் காய்ந்த பொட்டுகள். "அப்ப இது என்ன?"

நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டவனைப்போல எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பீடம், ஆட்டோ, தாராளம், அரிசிப் பானை, நெத்திலி, காக்கா. அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நியாயமான குரலில் சொன்னார்:

"நாங்க சந்தனம் வைக்கிறோம், நீங்க தீர்த்தம் தெளிக்கிறீங்க. ரெண்டுமே வாரண்டில வராது சார்."

பிறகு கார்டைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏதோ இசை கேட்டது. திரும்பினால் திரை முழுக்க வெளிச்சம். கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"சார், வீட்ல மானிட்டர் ஒயர எதுல சொருகினீங்க?"

"நீலத்துல."

"அது மதர்போர்டோட நீலம் சார். கார்டு போட்டதும் அந்த வழி அடைஞ்சு போயிடும். ஒயர கார்டுல இல்ல சொருகணும். நான் குடுத்த கன்வெர்ட்டர் எங்க?"

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அது வியாழக்கிழமைச் சட்டை. நான் கன்வெர்ட்டரைப் போட்டது ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கெழம போட்ட சட்ட எங்க?"

"தொவச்சு, காயப்போட்டு, மடிச்சும் வச்சாச்சு. ஏன்?"

"பையில வெள்ளையா ஒரு சின்ன டப்பா..."

"அதுவா? அலசும்போதுதான் கையில தட்டுப்பட்டுச்சு. நல்லா சோப்புத் தண்ணில ஊறியிருந்துச்சு. தேச்சுக் கழுவி பட்டன் டப்பால போட்டு வச்சிருக்கேன். எவ்ளோ அழுக்கு தெரியுமா?"

நாலு துளித் தீர்த்தத்துக்கு நாலு நாள் சாப்பிடாமல் இருந்தவன் நான். அவள் அதன் பக்கத்து உறுப்பைச் சோப்புப் போட்டு அலசி, பட்டனோடு பட்டனாக வைத்திருக்கிறாள். போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் இப்போதுதான் சிரித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதுல கெட்டுப்போக ஒண்ணும் இல்ல சார், காஞ்சா போதும். எதுக்கும் அம்மாகிட்ட கஞ்சி போட வேணாம்னு சொல்லிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். அவன் வருவதற்கு முன்பே கார்டின் வெள்ளைத் துளையில் பட்டன் டப்பாவிலிருந்து வந்த கன்வெர்ட்டர் உட்கார்ந்திருந்தது. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, அக்காவிடம் எதுவும் சொல்லாதே என்று வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

"கடைக்காரர் போன வியாழக்கெழமையே எனக்கு போன் பண்ணிட்டாரு மாமா. நான் அன்னிக்கே அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"அவ ஒண்ணும் கேக்கலையே."

"நீங்க காக்கா ஓட்டினத மட்டும் ரெண்டு தடவ சொல்லச் சொல்லிச்சு."

ஆட்டத்தைப் போட்டோம். சுற்றுத் தொடங்கியதும் வானம் இருண்டது. மச்சான் கொண்டுவந்திருந்த பெரிய ஸ்பீக்கரில் ஓர் இடி. பிறகு மழை. ரோடு பளபளத்தது. முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கு நனைந்த தாரில் நீளமாகக் கலைந்து, என் வீட்டில், என் ஜன்னல் மூலையில் ஓடியது. நான் காரை ஓட்டவே இல்லை. ரோட்டோரம் நிறுத்திவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, ரேஸ் மாமா இது. பின்னாடி ஆரன் அடிக்கிறான் பாருங்க."

அப்போது சமையலறையிலிருந்து அவள் ஓடினாள். எங்களைக்கூடப் பார்க்கவில்லை. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். என்ன ஏது என்று எழுந்திருப்பதற்குள் இரண்டு கை நிறையத் துணியோடு இறங்கி வந்து நின்றாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. திரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"நனையலையே?" என்றேன், மச்சானிடம் கற்ற பணிவோடு.

சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டாள். தையல் மிஷின் திங்கட்கிழமையும் தள்ளிய இடத்திலேயே இருந்தது. வாயைத் திறக்கும் உரிமையும் எனக்குத் தங்கியது. அந்த உரிமையில் பிற்பாடு நான் வாங்கிய பொருள்கள் வேறு கதை.

ஆனால் அந்த நிமிடத்தில் அவள் கை கனத்தது. கையிலிருந்த ரவிக்கைகளை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். சைக்கிளில் இடமில்லை, மீன்தொட்டி நிறைந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் தலைமேல் அப்படியே வைத்தாள்.

"அங்க வைக்காத, சூடாயிடும்" என்று பதறி எழுந்தேன்.

"ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று வைக்கலாம்.